உற்பாலனம்: யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு சொல்லின் வரலாறு

வலிகாமத்துக் கிராமப் பாடசாலையொன்றில் நான் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு மூன்றாந் தவணையில் பெற்றோரையும் ஆசிரியர்களையும் பரிசோதிப்பதற்காக மருத்துவக் குழுவொன்று பாடசாலைக்கு வந்தது. வந்தவர்களை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை எனக்கு. வரிசை முடிந்தபின் "சேரும் ஒருக்கா இருங்கோவன்" என்று தாதி கூப்பிட்டார். கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. "பத்து நிமிசம் சும்மா இருங்கோ சேர், திரும்பப் பாப்பம்" என்றார். முதல் அளவு 164/102. இரண்டாவது 158/98. அடுத்த வாரம் வைத்தியசாலையில் வெறுவயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சீனி 118 இருந்தது. நூறுக்குக் கீழே இருந்தால் சுகம், 126ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். எனக்கு நாற்பத்தாறு வயது. தலைவலி இல்லை, தலைச்சுற்று இல்லை, களைப்புக்கூட இல்லை.

ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போது சக ஆசிரியர் ஒருவர் அக்கறையோடு சொன்னார்: "குளிசையைத் தொடங்கினால் சாகும்வரைக்கும் விடேலாது சேர். பத்தியமா இருந்து மருந்தில்லாமலே மாத்தலாம்." நான் பதில் சொல்லவில்லை. அந்த வசனம் எனக்குப் புதிதல்ல. இருபது வருடங்களுக்கு முன்னர் ஏறத்தாழ அதே வசனத்தை நான் என் வாப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பாதி உண்மை. மறுபாதி ஓர் உயிரை விலையாகக் கேட்டது. இரு பாதிகளையும் பிரித்துப் பார்க்க எனக்கு வரலாறு தேவைப்பட்டது. அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

மானிப்பாயில் ஒரு சொல்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயைத் தன் களமாகக் கொண்டு வைத்தியம் செய்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். இடையில் 1857 முதல் 1862 வரை தாய்நாட்டில் இருந்து மீண்டும் வந்து, 1873இல் நிரந்தரமாக விடைபெற்றார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் கற்று வெளியேறினர். ஆங்கிலத்தில் தொடங்கிய கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றியதும், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியதும், அதற்கெனக் கலைச்சொற்களைத் தேடித் தொகுத்ததும் அவருடைய பெரும் பணிகள் என்பதைத் தமிழ் மருத்துவக் கல்வியின் வரலாற்றைப் பேசுவோர் எவரும் மறப்பதில்லை.

1852இல் வெளிவந்த நூலொன்றின் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. கல்வின் கட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் பாடசாலைகளை மனதிற்கொண்டு எழுதிய நூலின் தமிழாக்கம் அது. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். சுகரணவாதம் என்பது உடற்றொழிலியல். மூன்றாவது சொல்லே நமக்கு வேண்டியது. உற்பாலனம் என்றால் உடலைப் பேணும் முறை. பின்னாளில் சுகாதாரம் என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுகாதாரம் என்றதும் இன்று நமக்குக் கிணற்றுக்குக் குளோரின் போடுவதும் நுளம்புக்குப் புகையடிப்பதும் அலுவலகத்துப் பெயர்ப்பலகையும் நினைவுக்கு வருகின்றன. உற்பாலனமோ ஒருவர் தன்னுடைய தசையை, இரைப்பையை, தோலை, உறக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வது பற்றியது. உறுப்பின் அமைப்பைச் சொல்லி, அதன் தொழிலைச் சொல்லி, அதன் பின் அதைப் பேணும் வழியைச் சொல்வது கட்டருடைய நூலின் ஒழுங்கு. எந்த மருந்தைக் குடிப்பது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே படிக்கவேண்டிய பாடம் அது.

இன்று 'சுய பராமரிப்பு' என்றும் 'வாழ்க்கைமுறை மாற்றம்' என்றும் மொழிபெயர்த்துப் பேசும் விடயத்துக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் குடாநாட்டில் ஒரு சொல் இருந்தது. சொல்லை இழந்தோம். பிறகு அது குறித்த பழக்கத்தையும் இழந்தோம்.

பத்தியமும் ஆறு அவசியங்களும்

கிறீன் வெறுந்தரையில் விதைக்கவில்லை. ஆரியச் சக்கரவர்த்திகளின் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களின் மரபு இங்கு வேரோடியிருந்தது. அம்மரபில் நீரிழிவு மேகநோய்களின் கூட்டத்தில் வைத்து எண்ணப்பட்டது. எங்கள் பழைய தலைமுறையினர் சலரோகம் என்றார்கள். எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்டு நோயை அறியும் வழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் மிகப் பழையது. பரிகாரியார் மருந்தோடு பத்தியமும் சொல்லுவார். எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எப்போது குளிக்கலாம், எப்போது உறங்கலாம் என்பவை அதில் அடங்கும். பத்தியம் முறிந்தால் மருந்து வேலைசெய்யாது என்பது அவர்களது துணிபு. மருந்தும் பத்தியமும் அந்த மரபில் இரட்டை மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றதை மட்டும் கட்டி வண்டி ஓட்டச் சொன்னவர் எவருமில்லை.

இதே கருத்தை யூனானி மரபு வேறொரு வரிசையில் சொன்னது. பதினோராம் நூற்றாண்டில் இப்னு ஸீனா எழுதிய 'அல் கானூன்' மருத்துவ நூலிலும், அதனைப் பின்பற்றிய ஹகீம்களின் கல்வியிலும் 'அஸ்பாப் சித்தா ளரூரிய்யா' என ஆறு அவசியக் காரணிகள் பேசப்படுகின்றன. காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், மனதின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவை வெளியேற்றலும் தேக்கலும். மனிதன் உயிரோடிருக்கும்வரை இந்த ஆறையும் தவிர்க்க முடியாது, ஆகவே இவற்றைச் சீராக்குவதே சுகத்தின் அடிப்படை என்பது அக்கோட்பாடு. மனத்தின் அசைவையும் உடலின் அசைவையும் ஒரே வரிசையில் வைத்தது கவனத்துக்குரியது. மன அழுத்தத்தைப் பற்றி இன்று கிளினிக்கில் பேசுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது அது.

ஆயினும் பழைய மரபுகள் எல்லாவற்றையும் அறிந்திருந்தன என்று சொல்வது நேர்மையாகாது. நீரிழிவை அவர்கள் கண்டார்கள்; தாகமும் மெலிவும் இனிப்புச் சிறுநீரும் அதைக் காட்டிக்கொடுத்தன. உயர் குருதியமுக்கத்தை எவரும் அளந்ததில்லை. அதற்கு அடையாளம் கிடையாது. இத்தாலியரான ரிவா ரொச்சி கைப்பட்டிக் கருவியை 1896இல் அமைத்தார். ரஷ்யரான கொரொட்கோவ் 1905இல் நாடியின் ஓசையைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையைச் சொன்னார். அதன் பின்னரே நோயற்றவர்போல் நடமாடும் ஒருவரின் உடலுக்குள் நடப்பது தெரியவந்தது. எனவே "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, பிரஷர் இருந்தால் எனக்குத் தெரியும்" என்று நம்மவர் சொல்லும்போது, 1896க்கு முந்திய உலகத்தில் நின்று பேசுகிறார்கள் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

மா வந்த வழி

சோனகத் தெருவில் என் சிறுவயதில் பெரியவர்கள் அதிகம் உட்கார்ந்திருந்ததாக நினைவில்லை. வாப்பா தையற்காரர். அவர்கூட மிதிப்பொறியில் நாள் முழுவதும் கால் அசைத்துக்கொண்டிருந்தார். இரும்புக் கடைக்காரர், இறைச்சிக்கடைக்காரர், லொறியில் மூட்டை ஏற்றுவோர், சைக்கிளில் புடவை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவோர் என்று தெரு முழுவதும் அசைந்தது. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். உம்மம்மா வீட்டில் தவிட்டு நிறம் போகாத மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், சிறுமீன். குரக்கன் பிட்டு வாரத்தில் ஒருநாளாவது இருக்கும். ஒடியற் கூழ் காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்கும் போகும். தேநீருக்குச் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக் குடிப்பார்கள். அந்த ஒரு துண்டுக்கு மேல் கேட்டால் உம்மம்மா முறைப்பார். பனங்கட்டியும் சர்க்கரையே, இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில் அது விதிவிலக்கல்ல. துண்டு சிறிதாக இருந்ததும் கால்கள் அதிகம் நடந்ததுமே காப்பாற்றின.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அக்காலத்தில் பிள்ளைகள் தொற்றுநோயில் இறந்தார்கள். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்புக்குக் குறைவில்லை. ஆனால் இலங்கையின் உணவு மாறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி இறக்குமதி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா கப்பலேறி வந்தது. அதுவரை நகரத்துக் கடைகளில் கிடந்த பாண் மெல்லக் கிராமத்துக்குள் நுழைந்தது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது குடாநாட்டு விவசாயி மிளகாயும் வெங்காயமும் செய்து தலைநிமிர்ந்தான். மரவள்ளியும் குரக்கனும் மீண்டும் சட்டிக்கு வந்தன. 1977இன் பின் கதவு திறந்தது. 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. இரவுச் சாப்பாடு பாண் அல்லது கோதுமை மாப் பிட்டு என்றாகியது. தவிடு நீங்கிய மா, நார் இல்லாத மா. சமிபாட்டில் விரைவாகச் சீனியாகி இரத்தத்தில் கலக்கும் மா. வயல் வேலை செய்பவன் அதை எரித்துவிடுவான். உட்கார்ந்திருப்பவனுக்கு அது எங்கே போகும்?

உட்காரவைக்கப்பட்டவர்கள்

1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். எனக்கு அப்போது பதினொரு வயது. அதன் அரசியலை எழுதுவோர் எழுதியிருக்கிறார்கள். உடலைப் பற்றி எழுதியோர் குறைவு.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில் முகாமில் எங்களுக்கு உலருணவு கிடைத்தது. அரிசி, மா, பருப்பு, சீனி. பசியில் இருந்து அது எங்களைக் காத்தது. அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் பங்கீட்டில் முருங்கையிலை இல்லை, வல்லாரை இல்லை, மீன் இல்லை. மாச்சத்தும் சீனியுமே வருடக்கணக்கில் எங்கள் உடலைக் கட்டின. அசைந்து பழகிய ஆண்கள் வேலையின்றி ஓலைக்கொட்டில் நிழலில் உட்கார்ந்தார்கள். வாப்பாவின் மிதிப்பொறி யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டது. இப்னு ஸீனா சொன்ன ஆறில் எதுவும் எங்களிடம் சீராக இருக்கவில்லை. இரவில் பெரியவர்கள் உறங்கவில்லை என்பது பிள்ளைகளாகிய எங்களுக்கும் தெரியும்.

குடாநாட்டில் தங்கியவர்களின் உடலுக்கும் இதேபோல ஒரு கதை உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளின்றிச் சைக்கிளே வாகனமாயிற்று. கால்கள் உழைத்தன, மனம் உறங்கவில்லை. 2005-2006இல் நாடளாவிய நீரிழிவு ஆய்வு நடந்து, வயதுவந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நோய் இருப்பதாகக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. எங்களை யாரும் எண்ணவில்லை.

வாப்பாவுக்கு 1996இல் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. கிளினிக் கொப்பி ஒன்றும் இரண்டு வகைக் குளிசையும் கொடுத்தார்கள். 2003இல் நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்கு வீடு வந்தபோது சஞ்சிகையொன்றிலிருந்து வெட்டிய கட்டுரையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆங்கில மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாகற்சாறும் வெந்தயமும் போதும், மருந்தில்லாமலே நோயை வெல்லலாம் என்று அதில் இருந்தது. வாப்பாவுக்கு நான் படித்த பிள்ளை. "நீ சொன்னா சரிதான் மகன்" என்றார். குளிசைப் போத்தலை மூடி அலுமாரியில் வைத்துவிட்டார். காலையில் உம்மா பாகற்சாறு பிழிந்து கொடுத்தார். மூன்று மாதம்.

ஏ9 வீதி 2002இல் திறந்திருந்தது. நாங்கள் யாழ்ப்பாணம் போய் வீட்டைப் பார்க்கப் போனோம். கூரை இல்லை. முற்றத்தில் எருக்கலை நின்றது. வாப்பா வாசலில் பழக்கதோஷத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். ஒவ்வோர் அறையாக நின்று பார்த்தார். உடைந்த ஓடொன்று வலது பாதத்தைக் கிழித்தது அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது வாகனத்தின் மிதியில் இரத்தத்தைக் கண்டது தங்கைதான். நரம்பு மரத்த கால்; மூன்று மாதம் கட்டுப்பாடற்ற சீனி. புண் கறுத்தது. அந்த வருட முடிவில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். 2006இல் மவுத்தானார். அந்தக் கட்டுரையை எழுதியவரை நான் குறைசொல்வதில்லை. வாசித்துக் காட்டியவன் நான்.

உலகம் கற்ற பாடம்

மருந்தில்லாக் காலம் எப்படி இருந்தது என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோவில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் அத்தகைய பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள் கூட வாழ்ந்தார்கள், அவ்வளவே. அமெரிக்க ஜனாதிபதி றூஸ்வெல்ற் 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது அவரது குருதியமுக்கம் 300/190 என்று பதிவாகியது. உலகின் மிகப் பலம்வாய்ந்த மனிதருக்குக் கொடுக்க நல்ல குளிசை ஒன்று அப்போது இல்லை. அதே காலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் கெம்ப்னர் என்பவர் சோறும் பழமும் மட்டும் கொடுத்து, உப்பை அறவே நீக்கிக் கடும் நோயாளிகளின் அமுக்கத்தைப் பலரில் இறக்கிக் காட்டினார். உணவுக்குச் சக்தி உண்டு என்பதற்கு அது சான்று. அந்த உணவை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டோர் சிலரே என்பதும் சான்று. ஐம்பதுகளில் அமுக்கத்துக்கும் சீனிக்கும் வாய்வழி மருந்துகள் வந்தபோது உலகம் ஏன் நிம்மதிப் பெருமூச்சு விட்டது என்பது இதனால் விளங்கும்.

மருந்துகள் வந்தபின்னும் ஆய்வாளர்கள் பழைய கேள்விக்குத் திரும்பினர். சீனாவின் டா சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு, நீரிழிவின் வாசலில் நிற்போரை ஆறு வருடம் தொடர்ந்தது. உணவு, உடற்பயிற்சி மாற்றங்களால் நோய் வரும் வாய்ப்பு மூன்றிலொரு பங்கு முதல் ஏறக்குறைய பாதிவரை குறைந்தது. 2001இல் பின்லாந்திலும் 2002இல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் இரண்டும் 58 சதவீதக் குறைவைக் காட்டின. அமெரிக்க ஆய்வில் மெற்போமின் குளிசை 31 சதவீதமே குறைத்தது. உடல் நிறையில் ஏழு சதவீதம் இறக்குவதும் வாரத்தில் 150 நிமிட நடையுமே அங்கு இலக்கு. இவர்களெல்லாம் பருத்த உடலினர், நமக்கு இது பொருந்துமா என்று கேட்போருக்குச் சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் விடை தந்தனர். மெலிந்த உடலிலும் தொப்பையோடு நோயை வளர்க்கும் நம்மவரிடையே அக்குறைவு 28.5 சதவீதம். குளிசையைச் சேர்த்தும் அதற்கு மேல் பயன் கிடைக்கவில்லை. அமுக்கத்துக்கு 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் ஆய்வு, மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பாலுணவு மிகுந்த சாப்பாடு உயர் அமுக்கக்காரரின் மேல் எண்ணைச் சராசரியாகப் பதினொன்றளவு இறக்கியதைக் காட்டியது. உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும் என்பதை 2001இல் தொடர்ந்து காட்டினர்.

இந்த எண்களை ஊன்றிப் படித்தால் என் சக ஆசிரியரின் வசனத்தில் எந்தப் பாதி உண்மை என்பது தெரியும். டா சிங்கிலும் சென்னையிலும் நோய் வருமுன் நின்றவர்களுக்கு நோய் தள்ளிப்போயிற்று. என் வாப்பாவைப்போல ஏழு வருடம் நோயோடு வாழ்ந்தவர் குளிசையை நிறுத்தலாம் என்று அவற்றில் எந்த ஆய்வும் சொல்லவில்லை. பதினொன்று இறங்கினால் 150 என்பது 139 ஆகும். 164 என்பது 153தான் ஆகும். பாகற்காய் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு 2012இல், நீரிழிவுக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. பாகற்காய் நல்ல கறி. அது கறியாகவே இருக்கட்டும்.

கையால் செய்யக்கூடியவை

உப்பிலிருந்து தொடங்கலாம். உடலில் உப்புச் சேர்ந்தால் நீரும் சேர்கிறது. குழாயில் நீர் கூடினால் அமுக்கம் கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளுக்கு ஐந்து கிராமுக்குக் கீழே என்கிறது. அது வழித்த ஒரு தேக்கரண்டி. வகுப்பில் பிள்ளைகளோடு அளந்து பார்த்தோம். நான்கு பேருள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். "எங்கட வீட்டில ரெண்டு பைக்கற் முடியுது சேர்" என்றாள் ஒரு மாணவி. அதில் கருவாடும் ஊறுகாயும் கடைப் பாணும் சேரவில்லை.

நடை அடுத்தது. தசை சுருங்கும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதனால் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதுகூடப் பயன் தரும். நாளுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். இதற்குச் செலவு இல்லை. கூச்சம்தான் தடை, குறிப்பாகப் பெண்களுக்கு. அவர்களுக்கு வீட்டு முற்றத்திலும் சேர்ந்து நடக்கும் கூட்டத்திலும் வழி தேடவேண்டியது நமது சமூகத்தின் பொறுப்பு.

கோப்பையைப் பற்றி: பாதிக்குக் கீரையும் மரக்கறியும், காற்பங்குக்குச் சோறு, காற்பங்குக்கு மீனோ பருப்போ. குரக்கனும் தவிட்டரிசியும் நல்லவையே. ஆனால் குரக்கன் என்பதற்காக மூன்று நீத்துப்பெட்டி பிட்டுச் சாப்பிட்டால் அதுவும் மாச்சத்தே. 2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறப்புள்ளி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு. என் மாணவர்கள் இப்போது போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டே வாங்குகிறார்கள். சிலர் பார்த்துவிட்டும் வாங்குகிறார்கள்.

கால் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வாசகர் அறிவர். நீரிழிவுள்ளவர் இரவில் விளக்கொளியில் இரு பாதங்களையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐவேளை வுளூச் செய்யும் நாம் கால்விரல் இடுக்குகளை ஈரமாக விட்டுவிடுகிறோம். அங்கே பூஞ்சணம் பிடித்து வெடிப்பு வரும். துடைத்து உலர்த்த வேண்டும். பள்ளிவாசல் முற்றத்துச் சீமெந்து நடுப்பகலில் சுடும். மரத்த காலுக்கு அது தெரியாது.

நோன்பும் பேசப்பட வேண்டும். 2001இல் பதின்மூன்று நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நீரிழிவாளரிடம் எடுக்கப்பட்ட எபிடியார் ஆய்வு, றமழான் மாதத்தில் ஆபத்தான சீனிவீழ்ச்சி ஏனைய மாதங்களைவிடப் பல மடங்கு கூடுவதைக் காட்டியது. நோன்புக்கு ஆறு, எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் போய்க் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சீனி எழுபதுக்குக் கீழே போனால் உடனே நோன்பைத் திறக்க வேண்டும். நோயாளிக்குரிய சலுகை அல்குர்ஆனிலேயே உள்ளது. அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல. இப்தாரில் ரோல்ஸும் சர்பத்தும் அடுக்கிவைப்பது எந்தச் சலுகையிலும் சேராது.

இவை அனைத்துக்கும் மேலாக அளவு. அளவில்லாமல் உற்பாலனம் இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்வுக்கான பரிசோதனை நிலையங்கள் திறக்கப்பட்டுள்ளன. பணம் கேட்பதில்லை. குளிசை குறைய வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டும். தொடங்கினால் விடமுடியாது என்பது குளிசையின் குற்றமல்ல. காரணம் உள்ளே இருக்கும்வரை அமுக்கமும் திரும்பி வரும்.

போர் முடிந்தபின் மீள வந்து சோனகத் தெருவில் அதே காணியில் சிறிய வீடொன்று கட்டியிருக்கிறேன். தெரு முன்போல அசைவதில்லை. எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் உண்டு. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் வண்டி வாசலுக்கே வருகிறது. நானும் ஒருகாலத்தில் அதை மறித்தவன்தான். இப்போது சுபஹுக்குப் பின் பண்ணைக் கடலோரம்வரை நடந்து திரும்புகிறேன். எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன். வெறுவயிற்றுச் சீனி 102. அமுக்கம் 128/82. இரவில் ஒரு குளிசை போடுகிறேன்; அதையும் மறைக்கப் போவதில்லை.

சக ஆசிரியருக்கு அன்று சொல்லாத பதிலைச் சென்ற மாதம் சொன்னேன். வாப்பாவின் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தனக்கும் இரண்டு வருடமாகப் பிரஷர் என்றும், குளிசையை வாங்கி வைத்துவிட்டுப் போடாமலிருப்பதாகவும் சொன்னார். மறுநாள் அவரோடு நானும் கிளினிக் வரிசையில் நின்றேன்.

எட்டாம் வகுப்பில் சுகாதாரப் பாடத்தின்போது கரும்பலகையில் 'உற்பாலனம்' என்று எழுதினேன். ஒரு பிள்ளைக்கும் பொருள் தெரியவில்லை. மானிப்பாய் எங்கள் பாடசாலையிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதச் செய்து, வீட்டில் மூத்தவர்களின் கால்களைப் பார்த்து வரும்படி வீட்டுவேலை கொடுத்தேன். அடுத்த நாள் இருபத்தொரு பேரில் பதினேழு பேர் பார்த்து வந்திருந்தார்கள். ஒரு பையன், தன் அப்பப்பாவின் குதிக்காலில் அவருக்கே தெரியாத ஒரு புண் இருந்ததாகச் சொன்னான். அன்று பின்னேரமே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார்கள்.